ஆணில்லாத பள்ளங்கள்

அகிலா முழங்கால் தண்ணீரில் நின்று வலையை அலசிக்கொண்டிருந்தபோது கரையிலிருந்து மலர்கொடி கூப்பிட்டாள். எப்போதும் 'டீச்சர்' என்று கூப்பிடுகிறவள் அன்று அதைச் சொல்லவில்லை.

"கொஞ்சம் மேல வாங்க."

மலர்கொடியின் வீடு கருக்கங்குட்டைக்கு நேர் எதிரில். இரண்டு எருமைகள் வைத்திருந்தாள். கணவன் மருதமுத்து சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்வந்தான். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவந்த அகிலா, மழைக்காலம் தொடங்கினால் இந்தக் குட்டைக்கு வந்துவிடுவாள். ஈர உடையை மாற்றிக்கொள்ள இடம், குடிக்கத் தண்ணீர், சில நாள் சாப்பாடு, எல்லாம் மலர்கொடி வீட்டில்தான்.

அகிலா கரையேறினாள். மலர்கொடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் குட்டைய மூடலாம்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே."

"யாருக்கா சொன்னா?"

"யாரு சொன்னா என்னா? எழுதினீங்களா இல்லியா, அத சொல்லுங்க."

"நான் யாருக்கும் எதுவும் எழுதிக் குடுக்கல."

"பொய் சொல்லாதீங்க. எங்க வூட்டுத் தண்ணிய குடிச்சிகினு, எங்க குட்டையிலயே எறங்கி நின்னுகினு, எங்களுக்கே குழி தோண்டிட்டீங்களே. டவுன்ஷிப்பு பொண்ணுங்கள நம்பக்கூடாதுன்னு எங்க மாமியா அப்பவே சொல்லிச்சு."

அவள் போனை நீட்டினாள். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிக்கையை மருதமுத்து படம் எடுத்து அனுப்பியிருந்தான். அனல்மின் நிலையத்துச் சாம்பலை ஏற்றிப்போகும் லாரிகளுக்காக ஒரு தனியார் லாரி நிறுவனம் அந்தக் குட்டையைத் தூர்த்து யார்டு கட்டப்போகிறது. அதற்குப் பதிலாக ஊருக்கு வெளியே வேறொரு குட்டை வெட்டித் தரும். அறிக்கையின் நடுவில் இப்படி இருந்தது: 'இக்குட்டையில் வாழும் சிப்பி இறால்கள் அண்மையிலுள்ள புதிய மழைநீர்ப் பள்ளங்களில் இதைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. எனவே குட்டையைத் தூர்ப்பதால் உயிரின இழப்பு ஏதுமில்லை.' கீழே ஆதாரம்: கோ. அகிலா, விலங்கியல் ஆய்வாளர்.

அகிலா படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். முதல் வாக்கியம் அவள் எழுதியதுதான். இரண்டாவது வாக்கியம் அவளுடையது இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் எழுதியிருந்த பத்தி முழுவதையும் காணவில்லை.

"அக்கா, இது நான் எழுதினதுல பாதி. மீதிய வெட்டிட்டாங்க."

"பேரு உங்களுதுதான?"

"ஆமா."

"அப்ப போயி அவங்ககிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது?" என்று சொல்லிவிட்டு மலர்கொடி உள்ளே போனாள். அகிலாவின் மாற்றுடைப் பை வாசலுக்கு வெளியே கிடந்தது.

ஈரச் சேலையோடேயே அகிலா பஸ் ஏறினாள். வடலூர் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவர்களும் சபைக்குப் போய்விட்டு வருகிறவர்களும் நெருக்கி நின்றார்கள். அவள் போனில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

சிப்பி இறால் என்பது அரிசி மணி அளவுகூட இல்லாத பிராணி. இரண்டு மெல்லிய ஓடுகளுக்குள் உடம்பை மடித்துக்கொண்டு நீந்தும். மழை பெய்து குட்டை நிரம்பினால் மண்ணில் கிடக்கும் முட்டைகள் பொரிக்கும். தண்ணீர் வற்றுவதற்குள் வளர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டைகள் காய்ந்த மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

அவற்றில் பெரும்பாலானவை ஒரே உடம்பில் தாயும் தகப்பனுமாக இருப்பவை. தானே தன் முட்டைகளைக் கருவாக்கிக்கொள்ளும். மீதி, ஆண்கள். ஆணின் முன்கால்களில் கொக்கிகள் இருக்கும். அவற்றால் மற்றதன் ஓட்டைப் பற்றிக்கொண்டு கூடவே நீந்தும். ஆணோடு சேர்ந்து பிறக்கும் குஞ்சுகள் இரண்டு பக்கத்துக் குணங்களும் கலந்து, ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும். ஆணில்லாமல் பிறப்பவை தாயையே அச்செடுத்தாற்போல் இருக்கும். தலைமுறை போகப்போக அவற்றின் முட்டைகள் பொரிப்பதும் குறையும்.

ஆண்கள் எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்பதுதான் அகிலாவின் ஆய்வு. கருக்கங்குட்டை பழைய குட்டை. எத்தனையோ தலைமுறை இறால்கள் அங்கே கூட்டமாக வாழ்ந்து கலந்திருக்கின்றன. அங்கே ஆண்கள் உண்டு. சுரங்க மண்மேட்டுக்கு அருகே, வேலிக்கு இப்பால், ரோடு போட மண் எடுத்த பள்ளங்கள் புதியவை. கொக்கின் காலிலோ எருமையின் குளம்பிலோ ஒட்டிப்போன ஒரு முட்டை விழுந்தால், தனியாகவே ஒரு பள்ளத்தை நிரப்பிவிட அதனால் முடியும். ஆணைத் தேடினால் அங்கே பிழைக்க முடியாது. அதனால் அந்தப் பள்ளங்களில் இறால் ஏராளமாக இருந்தும் ஆண் ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து வந்தாலொழிய இனி வரவும் வராது. குட்டை அழிந்தால் மிஞ்சுவது ஒருசில தாய்களின் நகல்கள் மட்டும்தான். அவள் எழுதியிருந்தது இதைத்தான். அச்சில் மிஞ்சியது 'அதிகமாகக் காணப்படுகின்றன' என்ற ஒரு வரி.

அந்த ஆய்வைக் கேட்டு வாங்கியவன் சிவசங்கர். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இரண்டு வருஷம் சீனியர். இப்போது சென்னையில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இருந்தான். அறிக்கையின் அடியில் கையெழுத்திட்டிருந்தது அந்த நிறுவனம்தான். 'படிக்கத்தான் கேக்கறேன்' என்றான், அனுப்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும், டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட் பக்கத்து மரத்தடியிலேயே நின்று அவனைக் கூப்பிட்டாள்.

"கோவப்படாத அகிலா. உன் பேரப் போட்டுத்தான எழுதியிருக்கேன். திருடலையே."

"அடுத்த பத்தி எங்க?"

"எந்தப் பத்தி?"

"பள்ளத்துல ஆணே இல்லைன்னு எழுதின பத்தி."

"அது டெக்னிக்கல் விஷயம்மா. கோட்டாட்சியர் ஆபீஸ்ல அத யாரு படிப்பா? அவங்களுக்கு வேண்டியது, அந்த ஜீவன் வேற எடத்துல இருக்கா இல்லையா. இருக்குன்னு நீயே எழுதியிருக்க."

"இழப்பு இல்லைன்னு நான் எழுதினேனா?"

"அது எங்க முடிவு. கீழ கையெழுத்து எங்களுது."

"ஆதாரம்னு என் பேரு இருக்கே, அது யாரோட முடிவு?"

அவன் மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவள் சந்தேகம் கேட்கும்போதெல்லாம் சிரித்த அதே சிரிப்பு.

"நிரந்தர வேலை கெடைக்கட்டும், உனக்கும் புரியும்" என்று போனை வைத்துவிட்டான்.

வீட்டில் அப்பா கோபாலகிருஷ்ணன் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விருதுநகர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். ஓய்வுபெறும் காலம் நெருங்கிவிட்டது. மகள் கத்திச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"நமக்கு எதுக்கும்மா ஊர் வம்பு? இன்னும் கொஞ்ச நாள்ல குவார்ட்டர்ஸ ஒப்படைச்சிட்டுக் கெளம்பப் போறோம்."

"நீங்க கெளம்புவீங்கப்பா. நான் இங்கதான பொறந்தேன்?"

"பொறந்தா? இந்த வீடு நம்மளுதா?"

"அந்தப் பேரு என்னோடது. அத வச்சு ஒரு குட்டைய மூடறாங்க. நான் சும்மா இருக்கணுமா?"

அவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போனார்.

ஆட்சேபம் கேட்கும் கூட்டம் அடுத்த வாரம் ஊராட்சி அலுவலகத்தில் நடந்தது. மின்விசிறிக்கு அடியில் கோட்டாட்சியர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லாரி நிறுவனத்து மேனேஜர் நெடுமாறன். அவருக்கு அடுத்து, இஸ்திரி கலையாத சட்டையில் சிவசங்கர். ஊர்க்காரர்கள் வாசல்வரை நிறைந்திருந்தார்கள். மலர்கொடி ஜன்னலோரம் நின்றாள். அகிலாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அகிலா எழுந்து, அறிக்கையில் தன் ஆய்வு திரிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னாள். கோட்டாட்சியர் சிவசங்கரைப் பார்த்தார். அவன் பணிவாக எழுந்தான்.

"சார், மேடம்கிட்ட ஒரே ஒரு கேள்வி. புதுப் பள்ளங்கள்ல இந்த இறால் அதிகமா இருக்குன்னு நீங்க எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"அது பொய்யா?"

"இல்ல. ஆனா..."

"அவ்வளவுதான் சார்."

"அவ்வளவு இல்ல. அடுத்ததப் படிக்கச் சொல்லுங்க சார்." அகிலாவின் குரல் உயர்ந்தது. "அந்தப் பள்ளத்துல இருக்கற எதுவும் ஆண் இல்ல. ஒரு ஆண்கூட கெடையாது."

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். அது பரவியது. நெடுமாறனும் சிரித்தபடி, "ஆம்பளை இல்லைன்னா என்னம்மா, இறால் இருக்குல்ல? பொம்பளைங்களே குடும்பத்தப் பாத்துக்கறாங்கன்னு சந்தோஷப்பட வேண்டியதுதான" என்றார். சிரிப்பு இன்னும் பலத்தது.

அகிலா மேசையை ஓங்கி அறைந்தாள். தண்ணீர் டம்ளர் உருண்டு கோப்புகளின் மேல் கொட்டியது.

"சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா சொல்றேன். அந்தப் பள்ளத்துல இருக்கறதெல்லாம் ஒரே தாயோட நகல். ஒண்ணுக்கு வர்ற நோவு அத்தனைக்கும் வரும். ஒண்ணு தாங்காத வெயில அத்தனையும் தாங்காது. இந்தக் குட்டையில ஆண் இருக்கு, கலப்பு இருக்கு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும். இத மூடிட்டு அங்க இருக்கேன்னு சொல்றது, வெதைநெல்ல வித்துட்டு வைக்கோல் இருக்கேன்னு சொல்ற மாதிரி. இவருக்கு அது தெரியும். ஒரே ஆய்வுக்கூடத்துல ஒண்ணா உக்காந்து படிச்சவரு. தெரிஞ்சேதான் வெட்டியிருக்காரு."

சிவசங்கர் கோட்டாட்சியரிடம், "மேடம் எமோஷனலா இருக்காங்க சார்" என்றான்.

"எமோஷனல்னா என்னாங்க?"

கேட்டது மலர்கொடி. ஜன்னலோரத்திலிருந்து முன்னால் வந்திருந்தாள்.

"கோவமா இருக்காங்கன்னு..."

"கோவம் வராம? அந்தம்மா சொன்னதுல எனக்குப் பாதி புரியல. அந்தப் பூச்சி செத்தா என்னா, இருந்தா என்னான்னுதான் நானும் நெனச்சிகினு இருந்தேன். ஆனா எழுதினத வெட்டிட்டு பாதிய போட்டீங்கன்றது நல்லா புரியுது. எங்க கையெழுத்தையும் அப்பிடித்தான பண்ணீங்க?" அவள் நெடுமாறன் பக்கம் திரும்பினாள். "போன மாசம் கூட்டம்னு கூப்ட்டு, வந்ததுக்கு ஒரு கையெழுத்துன்னு வாங்கினீங்க. இப்ப ஊரே சம்மதம் சொல்லிட்ச்சுன்னு அதையே ஒட்டி வச்சிருக்கீங்க. நான் சம்மதம்னு எப்பங்க சொன்னேன்? மாட்ட எங்க குளுப்பாட்டுவேன்னுதான கேட்டேன்?"

"எனக்கும் அதேதான்" என்றார் ஒருவர். "நானும் சொல்லல" என்று இன்னொரு குரல் வாசலிலிருந்து வந்தது. ஒருவர் மேல் ஒருவராகப் பேசத் தொடங்கினார்கள். கோட்டாட்சியர் நனைந்த கோப்பைப் பிரித்து, கையெழுத்துகள் இருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, விசாரிக்கும்வரை யாரும் குட்டையைத் தொடக்கூடாது, எழுத்துமூலம் உத்தரவு வரும் என்று சொல்லி எழுந்துவிட்டார். இறாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உத்தரவு வருவதற்குள் லாரிகள் வந்துவிட்டன.

காலையில் பால் கறக்கும் நேரத்தில் மலர்கொடி போன் செய்தாள். "கொட்டிகினு இருக்கானுங்க, வாங்க" என்றாள், அவ்வளவுதான். அகிலா செருப்பைத் தேடுவதற்குள் அப்பா ஸ்கூட்டரை வெளியே தள்ளியிருந்தார். குட்டைக்கரையில் இறக்கிவிட்டவர், திரும்பிப் போகாமல் வண்டியை ஸ்டாண்டு போட்டு நின்றார்.

கிழக்குப் பக்கம் ஏற்கனவே பல லோடு சாம்பல் இறங்கியிருந்தது. தண்ணீர் சிமெண்டுக் கரைசல்போல் வெளுத்துக் கிடந்தது. பாதையின் குறுக்கே மலர்கொடி இரண்டு எருமைகளையும் கட்டியிருந்தாள். அவற்றுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள். முதல் லாரியின் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, "நான் கூலிக்கு ஓட்றவங்க்கா, என்னைத் திட்டாதீங்க" என்று ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டான். சூப்பர்வைசர் மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாட்டை அவிழ்க்கச் சொல்லிக் கத்தினான்.

"அவுத்துத்தான் பாரேன்" என்றாள் மலர்கொடி.

அகிலா சாம்பல் தண்ணீரில் இறங்கினாள். கால் வழுக்கியது. கையால் அள்ளிப் பார்த்தாள். ஓடுகள் திறந்தபடி இறால்கள் செத்து மிதந்தன. சில ஜோடிகள் பிடி விடாமலே செத்திருந்தன. அவள் சிவசங்கருக்கு வீடியோ கால் போட்டாள். அவன் எடுத்தான், பின்னால் ஏதோ ஹோட்டல் அறை தெரிந்தது.

"பாரு" என்று போனைத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோனாள். "இழப்பு ஏதுமில்லைன்னு எழுதினியே. பாரு. நல்லா பாரு."

"அகிலா, நான் அவங்கள கொட்டச் சொல்லல..."

"நீ சொல்ல வேண்டியதச் சொல்லியிருந்தா கொட்டியிருக்க மாட்டாங்க. கண்ண எடுக்காத. பாரு."

திரை கருத்தது. துண்டித்துவிட்டான். அவள் கையிலிருந்த சாம்பல் சேற்றை அப்படியே கரையில் நட்டிருந்த யார்டு போர்டின் மேல் வீசினாள். இன்னொரு கை அள்ளி வீசினாள். எழுத்து மறையும்வரை வீசினாள். யாரும் தடுக்கவில்லை. சூப்பர்வைசர் அருகே வரப்பார்த்தான். கோபாலகிருஷ்ணன் நடுவில் போய், "தம்பி, அங்கேயே நில்லுங்க" என்றார்.

மத்தியானம் கிராம நிர்வாக அலுவலர் தடை உத்தரவோடு வந்தார். லாரிகள் திரும்பிப்போயின. கொட்டிய சாம்பலை யார் அள்ளுவது என்று உத்தரவில் இல்லை.

எல்லாரும் கலைந்தபிறகு மலர்கொடி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அகிலா கையைக் கழுவிக்கொண்டு மீதியைக் குடித்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு" என்றாள் மலர்கொடி. 'ங்க' போய்விட்டிருந்தது. "அந்தப் பூச்சி இங்க இல்லாம இருந்து, எங்க எருமைக்குத் தண்ணி மட்டும் போவுதுன்னு இருந்தா, நீ வந்து இப்பிடி மேசையத் தட்டியிருப்பியா?"

அகிலா சொம்பைக் கீழே வைத்தாள்.

"வந்திருக்க மாட்டேன்க்கா."

"ம்" என்றாள் மலர்கொடி. "நானும் பூச்சிக்காக எருமையக் கட்டியிருக்க மாட்டேன். சோறு ஆக்கியிருக்கேன், உங்க அப்பாவையும் கூப்புடு."

அந்த மழைக்காலத்தில் குட்டையில் அதன்பிறகு எதுவும் நீந்தவில்லை. எருமைகள் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தன. ஒன்றை மலர்கொடி மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். அகிலா ஆலோசனை நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் புகார் அனுப்பினாள். நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட்டது. 'மொழிபெயர்ப்பின்போது ஒரு பத்தி விடுபட்டுவிட்டது' என்றிருந்தது. அவள் ஆய்வு எழுதப்பட்டதே தமிழில்தான். அதைப் படித்த அன்று அவள் டியூஷன் வகுப்பில் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளிடம் அந்தத் திருத்தத்தை வாசித்துக்காட்டி, எங்கே பொய் என்று கண்டுபிடிக்கச் சொன்னாள்.

சிவசங்கர் மட்டும் ஒரு முறை கூப்பிட்டான். லாரி நிறுவனம் குட்டையைச் சீரமைக்கச் சம்மதித்திருக்கிறது, கண்காணிப்பாளராக அவளையே போடலாம் என்று பேசியிருப்பதாகச் சொன்னான்.

"அறிக்கைய யாரு எழுதுவா?" என்று கேட்டாள்.

"நீ தகவல் குடு. எழுதறது நாங்க."

அவள் அந்த எண்ணையே போனிலிருந்து நீக்கினாள்.

கோடையில் குட்டை வற்றியது. விசாரணை முடியவில்லை. ஊராட்சியில் கெஞ்சியும் சண்டைபோட்டும் நூறு நாள் வேலையில் சாம்பலின் ஒரு பகுதியை அள்ளவைத்தார்கள். அகிலா ஒரு காரியத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றாள். மேற்குக் கரையோரத்து மண்ணில் யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது. சாம்பல் படாத முட்டைகள் அங்கேதான் இருக்கும். அதற்காக வேலைக்கு வந்த பெண்களோடு தினம் வாய்ச்சண்டை. மலர்கொடிதான் அந்த ஓரத்தில் முள் வெட்டிப்போட்டு வேலி அடைத்தாள்.

அப்பா ஓய்வுபெற்று விருதுநகருக்குப் போனார். அகிலா போகவில்லை. வடலூரில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டாள்.

அடுத்த மழை ஐப்பசியில் பிடித்தது. குட்டை நிரம்பி ஒரு வாரம் கழித்து அகிலா மேற்குக் கரையில் இறங்கி வலையை வீசினாள். முதல் இரண்டு வீச்சில் தவளைக்குஞ்சு மட்டும் வந்தது. மூன்றாவதில் சில சிப்பி இறால்கள். கண்ணாடித் தட்டில் விட்டு லென்ஸை வைத்தாள். ஒன்று, ஓடு தடித்து, முட்டை சுமந்திருந்தது. அதன் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, சிறியதாக இன்னொன்று. முன்கால்களில் கொக்கி.

"அக்கா, இங்க வாங்க. ஆண் இருக்கு."

மலர்கொடி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவந்து லென்ஸில் குனிந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதா? கம்மனாட்டி, என்னமா கெட்டியாப் புடிச்சிகினு இருக்குது" என்றாள். நிமிர்ந்தவளின் பார்வை கிழக்குப் பக்கம் போனது. அங்கே தண்ணீருக்கு அடியில் இன்னும் சாம்பல் வெளுத்துத் தெரிந்தது. முகம் மாறியது. "அந்தப் பக்கம் வீசிப் பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணுமில்ல."

"அத அள்ள எவன் வருவான்?"

"நேத்து கோட்டாட்சியர் ஆபீஸுக்குப் போன் பண்ணேன். ஃபைல் நகந்துகிட்டிருக்காம்."

"போன்ல கேட்டா அப்பிடித்தான் சொல்லுவானுங்க." மலர்கொடி கரையேறி, கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டாள். "தட்ட எடுத்துக்க. அதுங்கள தண்ணியோட ஒரு பாட்டில்ல புடி. நேர்ல போயி அந்தாளு மேசை மேலயே வப்போம். போன தடவ சிரிச்சவனுங்களும் பாக்கட்டும்."

அகிலா பாட்டிலில் தண்ணீரை நிரப்பினாள். ஜோடி பிரியாமல் உள்ளே இறங்கியது. இருவரும் ரோட்டுக்கு நடந்தார்கள். சாம்பல் லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு கடந்துபோனது. மலர்கொடி அதைத் திட்டி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.